தட்டிலிருந்து எழும் கணிப்பொறி

மும்பையிலிருந்து வரும் இருப்புப்பாதை கல்யாண் சந்திப்பில் இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று கசாராவை நோக்கி வடகிழக்கே செல்கின்றது. மற்றொன்று கர்ஜத் வழியாகப் புனேயை நோக்கித் தென்கிழக்கே செல்கின்றது. எஞ்சின்களைப் பேணும் பெரிய கொட்டகையும் இவ்வூரில் உண்டு. வழியில் ஓர் எஞ்சின் பழுதுபட்டால், வேறோர் எஞ்சினைக் கொணர்ந்து பூட்டி வண்டியை இழுத்துச் செல்வது இங்குள்ளோர் அறிந்த காட்சி. எஞ்சின் நின்றுவிட்டது என்பதற்காகப் பெட்டிகளில் உள்ள மூட்டை முடிச்சுகளைத் தண்டவாளத்தில் கொட்டுவார் எவரும் இலர்.

கணிப்பொறி நின்றுவிட்டால் மட்டும் நம்மவர் பலர் அவ்வாறே செய்துவிடுகின்றனர். நாமும் ஒரு முறை செய்ய இருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மழைக்கால இரவொன்றில் கல்யாணில் மின்சாரம் பலமுறை போய்ப் போய் வந்தது. மறுநாள் காலை நம் இல்லத்துக் கணிப்பொறி கருந்திரையில் ஒரே ஒரு ஆங்கில வரியைக் காட்டிவிட்டு மேலே நகர மறுத்தது. அலுவலகச் சொற்களுக்குப் பல ஆண்டுகளாகத் தேடித் திரட்டிய தமிழ்ச் சொற்பட்டி அதனுள் இருந்தது. அதனினும் அரியதொன்றும் இருந்தது. நம் தாயார் தம் இளமைக்காலத் திருநெல்வேலியைப் பற்றியும், மணமாகி மாதுங்காவுக்கு வந்து இறங்கிய நாளைப் பற்றியும் சொல்லச் சொல்லப் பதிவு செய்த குரல் அது. அன்னையார் அதற்கு முந்திய ஆண்டு காலமாகிவிட்டார். அக்குரலுக்கு வேறு படி இல்லை. படி எடுத்து வைக்காதது நம் குற்றமே.

பழுது பார்க்க வந்தவர், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும், ஒரு மணி நேர வேலை" என்றார். கலைப் பட்டம் பெற்று, கோப்புகளை மொழிபெயர்த்தே பழகிய நமக்கு எதிர்வினா கேட்கும் திறன் இல்லை. தலையசைக்கும் தறுவாயில், அடுத்த வீட்டுக் கல்லூரி மாணவன், "மாமா, அழிக்கச் சொல்லாதீர்கள். உள்ளே இருப்பது அப்படியே இருக்கலாம். என்னிடம் ஒரு சிடி இருக்கிறது, போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்றான்.

அவன் கொணர்ந்த தட்டின் தத்துவத்தைச் சற்றே விளக்குவோம். கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் ஆட்டுவிக்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ், லினக்ஸ் முதலியன அவ்வகையைச் சேர்ந்தவை. நம்முடைய கடிதங்களும் படங்களும் தங்கியிருக்கும் வன்தட்டிலேயே இயங்குதளமும் வழக்கமாகக் குடியிருக்கின்றது. இரண்டும் ஓரிடத்தில் இருப்பதால், ஒன்று கெட்டால் மற்றொன்றும் கெட்டது என்று மயங்குகின்றோம். உண்மையில் இயங்குதளம் எஞ்சின்; நம் கோப்புகள் பெட்டிகள்.

பொறியை முடுக்கியவுடன், அதன் தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு நிரல் விழித்தெழுந்து, இயங்குதளம் எங்கே இருக்கின்றது என்று தேடுகின்றது. எந்த இடத்தை முதலில் பார்ப்பது என்னும் வரிசையை நாம் மாற்றலாம். குறுந்தகட்டை முதலில் பார் என்று பணித்தால், அது வன்தட்டை எழுப்பாமல் தகட்டில் உள்ள இயங்குதளத்தை எழுப்பும். வழக்கமான குறுந்தகட்டின் கொள்ளளவு 700 மெகாபைட்டே. ஆயினும் நிரல்களைச் சுருக்கி அடைத்து, வேண்டும்போது மட்டும் விரிக்கும் உத்தியினால் ஏறத்தாழ 2 கிகாபைட் அளவுள்ள நிரல்கள் அதில் அடங்கும். பதித்து முடித்த தகட்டில் மேலும் எழுத இயலாது. ஆகவே இயங்கும்போது நேரும் மாறுதல்களையெல்லாம் பொறியின் தற்காலிக நினைவகம் ஏற்றுக்கொள்கின்றது. மின்சாரத்தை நிறுத்தியதும் அவை மறைந்துபோகும். நாமாக எழுதச் சொன்னாலன்றி வன்தட்டை அது தொடுவதில்லை. விருந்தினர் வந்து, உண்டு, இலையையும் தாமே எடுத்துச் சென்றாற்போன்ற வருகை அது.

இக்கருத்து 1992 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் இக்டிராசில் என்னும் லினக்ஸ் வெளியீட்டில் உருப்பெற்றது. 2000 ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த பொறியாளர் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ் அதனை உலகெங்கும் பரப்பியது. எவரும் படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம் என்னும் உரிமத்தோடு லினக்ஸ் வெளிவருவதால், இத்தகைய தட்டு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்வதில் சட்டத் தடை ஏதும் இல்லை.

நம் நாட்டிலும் இம்முயற்சி நடந்தது. சி-டாக் எனப்படும் மத்திய அரசின் கணிப்பொறி ஆய்வு நிறுவனம் தன் சென்னை மையத்தில் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளம் 2007 இல் வெளிவந்தது. 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொலுஷன்ஸ்' என்பதன் சுருக்கமே அப்பெயர். தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் அதனைக் கையாளலாம். பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகள், கணிப்பொறிக்குத் தமிழும் தெரியும் என்பதை நேரில் காண இஃதொரு வாயில்.

இனி, செயல்முறை. வேறொரு நல்ல கணிப்பொறியில், தாம் விரும்பும் லினக்ஸின் முழுப்படிமக் கோப்பை அதனை உருவாக்கியோரின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். அக்கோப்பைத் தகட்டில் வெறுமனே நகலெடுத்து வைத்தால் பொறி எழாது. படிமமாகப் பதிக்க வேண்டும். பலர் இடறும் இடம் இதுவே. இக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் குறுந்தகட்டுக்கு இடமே இல்லை. அங்கே ஒரு பென்டிரைவ் அதே பணியைச் செய்யும். பதிக்கும்போது அதில் முன்பிருந்தவை அழியும் என்பதை நினைவிற் கொள்க. பொறியை முடுக்கும்போதே அதன் தயாரிப்புக்கேற்ப எஃப்12, எஃப்2, எஸ்கேப் போன்ற விசையை அழுத்தினால், எதிலிருந்து எழுவது என்னும் பட்டியல் தோன்றும். அதன்பின், 'நிறுவாமல் முயன்று பார்' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். 'நிறுவுக' என்பதை அவசரத்தில் தேர்ந்தால், காக்க வந்ததே அழிக்கவும் கூடும். திரை எழுந்ததும் வன்தட்டைத் திறந்து, வேண்டிய கோப்புகளை வெளியே இணைத்த வேறொரு வட்டுக்குப் படியெடுத்துக்கொள்ளலாம்.

எல்லா நோய்க்கும் இது மருந்தன்று. வன்தட்டே உடைந்து, உள்ளிருந்து டக் டக் என்று ஒலி எழுந்தால், உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தேர்ந்தவரிடம் கொடுப்பதே அறிவுடைமை. வன்தட்டு முழுவதும் மறைகுறியிட்டுப் பூட்டப்பட்டிருந்தால், அதற்குரிய மீட்புக் குறியெண் இன்றித் திறவாது. தட்டிலிருந்து இயங்கும் பொறி சற்று மெதுவாகவே நடக்கும்.

அன்று மாலை, மாணவன் தகட்டை இட்டுப் பொறியை முடுக்கினான். சில நிமிடம் தகடு சுழன்றது. பின்னர், நாம் முன்பின் கண்டிராத ஒரு திரை மலர்ந்தது. அவன் வன்தட்டைத் திறந்தான். கோப்புகள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. முதலில் எதை எடுக்க வேண்டும் என்று கேட்டான். சொற்பட்டியை நாம் சொல்லவில்லை. சற்று நேரத்தில், "தாதர் ஸ்டேஷனில் இறங்கினதும் உங்கப்பா மூட்டையை எண்ணினார், ஒன்று குறைந்தது" என்று அன்னையாரின் குரல் அறையில் ஒலித்தது.

அப்பதிவின் படி ஒன்று இப்போது கல்யாணில் இருக்கின்றது. மற்றொன்று திருநெல்வேலியில் தங்கை வீட்டில் இருக்கின்றது. படியெடுத்து வைப்பதே முதற்காப்பு. அதனைச் செய்யத் தவறியவர்க்குத் தட்டு இரண்டாம் காப்பு. ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர்க்குப் பரணில் வைத்த பழம்பெட்டி எவ்வளவு அரிதோ, அவ்வளவு அரிது இக்கணிப்பொறிக்குள் இருப்பதும். ஆகவே, "அழித்துவிடலாமா?" என்று எவரேனும் கேட்டால், "பொறுங்கள், முதலில் வேறோர் எஞ்சினைப் பூட்டிப் பார்ப்போம்" என்று விடை சொல்லுங்கள்.