உணவு விஞ்ஞானம் பயிலும் நம் மாணாக்கர்க்கு



உணவு விஞ்ஞானத்தில் முதுகலை வகுப்பு வாசிக்கும் நம் பிள்ளைகள் பரீக்ஷை மார்க்கையே செல்வமெனக் கருதுகின்றனர். அடியேனும் அவ்வாறிருந்தவனே. அரிசிமாவின் ஈரத்தைக் கணிக்கப் புகுந்து, 105 டிகிரி உஷ்ணத்தில் உலர்த்திய கிண்ணத்தை ஆறுமுன்னே தராசிலிட்டேன். சூட்டினால் எழுந்த காற்று தட்டைத் தூக்க, எடை குறைந்து, ஈரம் மிகுந்து தோன்றிற்று. ஒரே தடவை கண்ட அவ்வெண்ணையே ஆய்வேட்டில் எழுதினேன். பரிசோதகர் என் நோட்டுப்புத்தகத்தைக் கேட்டார், காட்ட யாதொன்றுமில்லை. அதன்மேற் கட்டிய ஆறு மாத உழைப்பும் வீணாயிற்று.

ஆதலின், குழந்தைகாள்! ஈரமுறிஞ்சும் பாத்திரத்தில் ஆறவைத்து, எடை மாறாது நிற்குமட்டும் நிறுத்தறியுங்கள். மூன்று மாதிரிகளேனும் எடுங்கள். தவறிய எண்ணையும் தேதியுடன் வரையுங்கள். உத்தியோகம் நாடிச் செல்லுங்கால் அந்நோட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

பெற்றோர்களே! விடுமுறையில் பிள்ளை அரிசி ஆலையில் ஒரு மாதம் நிற்க விரும்பினால், கௌரவக் குறைவென்று தடுக்கலாகாது. நெல் அவியும் பக்குவத்தை அவன் வேறெங்கே காண்பான்?