வியாழக்கிழமையின் வெற்றுத்திரை
(உரையின் எழுத்து வடிவம்)



கம்பிவடத் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டால் மாலைப்பொழுது எவ்வாறு கழியும் என்று அஞ்சுவார் பலர். ஒரு நாடே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கிழமைக்கு ஒரு நாள் தொலைக்காட்சியின்றி வாழ்ந்து காட்டியுள்ளது. அந்நாடு ஐசுலாந்து. வட அட்டுலாண்டிக்குக் கடலில், பனியும் எரிமலையும் ஒருங்கே அமைந்த தீவு அது. 1966-ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தோர் இரண்டு நூறாயிரவர்க்கும் சற்றுக் குறைவு. அத்துணைச் சிறு மக்கள்தொகையினர் தம் மொழியைக் காக்கக் கொண்ட அக்கறை, எட்டுக் கோடி மக்கள் எண்ணிப் பார்த்தற்குரியது.

அத்தீவின் கெப்லாவிக்குப் படைத்தளத்தில் இருந்த அமெரிக்கப் படையினர் 1955-இல் தமக்கென ஒரு தொலைக்காட்சி தொடங்கினர். அதன் அலைகள் வேலி தாண்டித் தலைநகர் வரை பரவின. ஐசுலாந்து மக்கள் தமக்கென ஒரு தொலைக்காட்சி பெறுமுன்னரே, அவர்தம் கூடங்களில் ஆங்கிலம் ஒலித்தது. 1964-இல் அந்நாட்டுப் பெருமக்கள் அறுபதின்மர் ஒன்றுகூடி, அவ்வொளிபரப்பைப் படைத்தளத்தின் அளவில் நிறுத்துக என நாடாளுமன்றத்துக்கு முறையிட்டனர். இசைவும் எதிர்ப்புமாய் நாடே இரண்டுபட்டு வழக்காடியது. இறுதியில், 1970-களின் நடுப்பகுதியில், அவ்வொளிபரப்பு கம்பிவடத்தின் வழியே தளத்துக்குள் அடங்கியது. பிற நாடுகளில் அயற்காட்சியை வீட்டுக்குள் கொணரும் வாய்க்காலாய் அமைந்த கம்பிவடம், ஆங்கு அதனைத் தடுக்கும் வேலியாய் அமைந்தது என்க.

வேலியிட்டதோடு அவர்கள் நின்றாரல்லர். 1966 செப்டம்பர் 30-இல் தம் மொழியில் தொலைக்காட்சியைத் தொடங்கினர். அதற்கு அயற்பெயரை இரவல் வாங்கவில்லை. காட்சி என்னும் சொல்லையும் வீச்சு என்னும் சொல்லையும் இணைத்துத் தம் மொழியிலேயே பெயரிட்டனர். தொலைபேசிக்கு, இழை என்னும் பொருள்பட வழங்கி மறைந்த பழஞ்சொல்லை உயிர்ப்பித்தனர். கணிப்பொறிக்கு, எண்ணையும் குறிசொல்லும் மூதாட்டியையும் குறிக்கும் இரு சொற்களைப் பொருத்தி ஒரு சொல் படைத்தனர். அவை அகராதியில் உறங்கவில்லை. மீனவனும் மாணவனும் அன்றாடம் வழங்கும் சொற்களாயின.

அத்தொலைக்காட்சி வியாழக்கிழமைதோறும் ஓய்ந்திருந்தது. 1983 வரை சூலைத் திங்கள் முழுமையும் ஓய்ந்தது. பணியாளர்க்கு ஓய்வு வேண்டும் என்பது ஒரு காரணம். மக்கள் ஒருவரையொருவர் கண்டு பேச ஒரு மாலை வேண்டும் என்பது மற்றொன்று. அவ்வழக்கத்தினும் தொன்மையான ஒன்று அம்மக்கள் வாழ்வில் உண்டு. பனிக்கால இரவுகளில் பண்ணைவீட்டார் ஓரறையில் கூடி, கம்பளி நூற்றும் பின்னியும் இருக்க, ஒருவர் பழங்கதைகளை உரக்கப் படிப்பார். அதற்கு 'மாலை விழிப்பு' என்று பொருள்தரும் பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த கதைகளை இன்றைய ஐசுலாந்தினர் சிறு முயற்சியாலே படித்தறிய முடிகின்றதெனின், எழுதப்பட்ட ஏடுகளோடு அவ்விழிப்பும் துணைநின்றது எனலாம்.

1986-இல் தனியார் தொலைக்காட்சி அங்கு வந்தது. அது வியாழனிலும் ஒளிபரப்பியது. போட்டியைத் தாங்காத அரசுத் தொலைக்காட்சி, 1987 அக்தோபர் 1-ஆம் நாள், ஒரு வியாழக்கிழமையிலேயே, தன் ஓய்வைக் கைவிட்டது. இன்று அங்கும் குழந்தைகள் கைப்பேசியில் ஆங்கிலம் கேட்டு வளர்கின்றனர், மொழியறிஞர் கவல்கின்றனர். அரசு இட்ட ஓய்வு, அரசு எடுத்தவுடன் போயிற்று. இல்லத்தார் தாமே மேற்கொள்ளும் ஓய்வையோ எவரும் எடுத்தல் இயலாது.

சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகத்து 15-இல் தொடங்கியது. 1990-களில் கம்பிவடம் தெருத்தெருவாய்ப் படர்ந்தது. தமிழ் அலைவரிசைகள் பெருகின. ஆயின் அவற்றில் ஒலிக்கும் பேச்சில் தமிழ் எத்துணை என்பதை ஒவ்வொருவரும் ஒரு மாலை எண்ணிப் பார்க்கட்டும். தமிழ்ப்பெயர் தாங்கிய நிகழ்ச்சியில் வினாவும் ஆங்கிலம், விடையும் ஆங்கிலம், இடையே 'பண்ணுங்கள்' என்பது மட்டும் தமிழ் எனின், அது தமிழ்த் தொலைக்காட்சி ஆகுமோ?

கிழமைக்கு ஒரு மாலை திரை ஓயட்டும். முதல் மாலை நீளமாய்த் தோன்றும், குழந்தைகள் முணுமுணுப்பர், பெரியோர்க்கும் கை தானே பொத்தானைத் தேடும். மூன்றாம் மாலையில் பாட்டி களத்துமேட்டைப் பற்றிப் பேசுவாள். 'பொலி என்றால் என்ன?' என்று பெயர்த்தி கேட்பாள். தூற்றிக் குவித்த நெல்லைக் காட்டச் சோற்றுப்பானை அரிசியையே பாட்டி முறத்தில் அள்ளுவாள். பொலி, பதர், தூற்றல், சூடடித்தல் என நான்கு சொற்கள் அன்றிரவு ஒரு தலைமுறை தாண்டும்.

அச்சொற்களைக் கேட்க அவ்வீட்டில் அமைதி இருந்தாக வேண்டும். அவ்வமைதியைத் தருவது ஒரு பொத்தான். அதனை அழுத்தும் விரல் தமிழரின் விரலே.