பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையோரம்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கல்வி, விவாகம், தருமம் முதலிய விஷயங்களைப் பற்றியே இச்சபையில் உபந்நியாசங்கள் நிகழ்தல் வழக்கம். இன்று யாம் ஒரு நீர்வழியைப் பற்றிப் பேச முன்வந்தது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும், நம்மவருள் எத்தனை குடும்பங்கள் உப்பும் விறகும் நெல்லும் சுண்ணாம்புச் சிப்பியும் படகில் ஏற்றி இறக்கிப் பிழைத்தன என்பதை நினைப்போர்க்கு, இது நம் வீட்டுக் கதையே என்பது விளங்கும்.

பக்கிங்ஹாம் கால்வாய் ஒரே நாளில் ஒருவரால் வெட்டப்பட்டதன்று. 1806-ல் பாஸில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து வர்த்தகர், சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே 11 மைல் தூரம் உவர்நீர்க் கால்வாய் ஒன்றை வெட்டுவித்தார். அது காக்ரேன் கால்வாய் என்று வழங்கிற்று. 1837-ல் சென்னை அரசாங்கத்தார் அதனைத் தம் வசமாக்கிக் கொண்டு, வடக்கேயும் தெற்கேயும் சிறிது சிறிதாக நீட்டினர். முடிவில் அது வடக்கே கிருஷ்ணை நதியின் கால்வாய்களோடு இணையும் பெத்தகஞ்சம் முதல், தெற்கே மரக்காணம் வரையில், சுமார் 420 கிலோமீட்டர் கடலோரமாகவே நீண்டது. கடலில் புயலுக்கும் அலைக்கும் அஞ்சிய சிறு படகுகள் இவ்வுள்நாட்டு வழியில் அச்சமின்றிச் சென்றன.

இனி, வடக்கிலிருந்து ஒரு படகேறிச் செல்வதாகப் பாவித்துக் கொள்வோம். காற்று வாய்த்தால் பாய் விரிப்பர். வாயாவிடில் ஆட்கள் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பர். ஆழங்குறைந்த இடத்தில் கழியூன்றித் தள்ளுவர். முதலில் எதிர்ப்படுவது பழவேற்காட்டு ஏரி. கண்ணுக்கெட்டிய தூரம் நீர்ப்பரப்பும், அதன் கீழ்ப்புறம் ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவும் தோன்றும். ஏரியின் தென்கோடியிலுள்ள பழவேற்காட்டில் 1613-ல் ஒல்லாந்தர் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினர். கோட்டை அழிந்தது, எலும்புருவங்கள் செதுக்கிய வாயிலையுடைய அவர்களது கல்லறைத் தோட்டம் மாத்திரம் நிலைத்திருக்கின்றது. வாணிபத்தால் வந்த செல்வமும் அதிகாரமும் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு அதனினும் சிறந்த போதனை வேண்டுவதில்லை.

எண்ணூரிலே கொசத்தலையாறு கடலோடு கலக்கின்றது, அடுத்து உப்பளங்கள். சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் கால்வாய் கடக்கும் இடங்களில் மதகுகள் உண்டு. படகோட்டிகள் இவற்றை லாக்கு என்பர். கடலின் ஏற்றவற்றத்தால் ஆற்றுநீர் ஏறியும் இறங்கியும் நிற்குமாதலின், படகு இரு கதவுகளுக்கு நடுவே வந்ததும் பின்கதவை அடைத்து, உள்நீரை எதிர்ப்புற நீருக்குச் சமமாக்கி, பின் முன்கதவைத் திறப்பர். மயிலாப்பூரில் இன்றும் தண்ணீர்த்துறைச் சந்தை என்னும் பெயர் வழங்குகின்றது. கரையெங்கும் விறகுத் தொட்டிகள் இருந்தன. சென்னை மாநகரின் அடுப்புகள் எரிந்தது படகில் வந்த சவுக்கு விறகினால்.

தெற்கே முட்டுக்காட்டு உப்பங்கழியும் கோவளமும் கடந்தால் மாமல்லபுரம். சாலைகள் செப்பனிடப்படாத காலத்தில் சென்னையார் மாலையிற் படகேறி, இரவெல்லாம் நிலவொளியிற் சென்று, பல்லவர் சிற்பங்களைக் காண இவ்வழியே வந்தனர். பாரதிதாசனார் தம் படகுப் பயணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்னும் பாடலாக்கினார். அதற்கப்பால் ஒல்லாந்தரின் மற்றொரு கோட்டையையுடைய சதுரங்கப்பட்டினம், பாலாற்று முகம், இறுதியில் மரக்காணத்து உப்பளங்கள்.

நிற்க. யாம் கூற வந்த முக்கிய விஷயம் இக்காட்சிகளன்று.

கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளமுள்ள பகுதி 1877, 1878-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. அதுவே தாது வருஷத்துப் பஞ்சகாலம். சோறின்றி லட்சக்கணக்கான ஜனங்கள் மடிந்தனர். உயிர் மிஞ்சியோர் சென்னையை நாடி வந்தனர். அவர்களுக்குக் கஞ்சிக்கு வழியாகவே இவ்வேலை ஏற்பட்டது. 1877-ன் தொடக்கத்தில் நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவுமே போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் என்பார் வரையறுத்தார். இவ்வளவு கொண்டு உடலுழைப்பு இயலாது என்று சென்னையின் சுகாதார அதிகாரியான கார்னிஷ் வாதாடிய பின்னரே, அந்த அளவு உயர்த்தப்பட்டது. கால்வாய்க்கோ அப்போதைய கவர்னரான பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. மண் சுமந்தோரின் பெயர் ஒன்றேனும் எக்கல்லிலும் நாம் கண்டதில்லை.

பசித்தோர் வெட்டிய இந்த வழியிலே சரக்கு ஏற்றி, நம் முன்னோர் வீடு கட்டினர். பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். அக்கடனை நாம் எவ்விதம் தீர்த்தோம்?

1899-ல் சென்னைக்கும் பெஜவாடாவுக்கும் இருப்புப்பாதை அமைந்தது. பின்னர் லாரிகள் வந்தன. படகுகள் குறைந்தன. 1965, 1966, 1976-ஆம் ஆண்டுகளின் புயல்களால் கரைகள் சிதைந்தன. படகு போனபின் கால்வாய் சாக்கடையாயிற்று. 1995 முதல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலின் தூண்கள் நகரத்திற் பல இடங்களில் அதன் கரையையும் படுகையையும் பற்றி நிற்கின்றன. 2008-ல் இது தேசிய நீர்வழி என்று அறிவிக்கப்பட்டும், பழைய போக்குவரத்து மீளவில்லை.

ஆயினும் அக்கால்வாய் தன் கடமையை மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை எழுந்தபோது, கரையேறிய நீரின் ஒரு பகுதியைப் பல இடங்களில் இக்கால்வாய் தன்னுள் வாங்கி, மீண்டும் கடலுக்கே திருப்பிற்று. அதனால் பல உயிர்கள் பிழைத்தன என்று அறிஞர் ஆராய்ந்து கூறினர். பஞ்சத்தில் கஞ்சி வார்த்தது. பிரளயத்தில் நெஞ்சு கொடுத்தது.

இங்கு ஒரு கசப்பான வார்த்தை சொல்ல அனுமதிக்க வேண்டுகின்றோம். கால்வாய் கெட்டதற்குக் கரையோரக் குடிசைவாசிகளே காரணம் என்று நம் வீட்டுத் திண்ணைகளிலே பேசக் கேட்டிருக்கின்றோம். அது முழு உண்மையன்று. மாடி வீடுகளின் கழிவுநீரும், பெரிய கட்டடங்களின் இடிபாடும், நகரத்தாரின் குப்பையும் அதே நீரில்தான் விழுகின்றன. ஏழையின் குடிசை கண்ணுக்குத் தெரிகின்றது. நம் வீட்டுக் குழாய் தெரிவதில்லை. வித்தியாசம் அவ்வளவே.

ஆகவே மூன்று காரியங்களை வேண்டிக் கொள்கின்றோம். முதலாவது, கால்வாய்க்கருகில் வசிக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகின்றதென்பதை இம்மாதமே சோதித்தறிந்து, தவறிருப்பின் திருத்த வேண்டும். இரண்டாவது, படகோட்டிய, விறகுத் தொட்டி நடத்திய, உப்பளத்தில் உழைத்த முதியோர் நம்மிடையே இருப்பின், அவர்கள் சொல்வதை இளைஞர்கள் எழுதிவைத்து இப்பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். அவர்களோடு அச்சொற்களும் மறைந்துவிடும். மூன்றாவது, கரையோர ஜனங்களை அப்புறப்படுத்தும் பேச்சு எழும்போது, அவர்கள் பிழைப்புக்கும் குடியிருப்புக்கும் வகை செய்த பின்னரே எதுவும் நடக்க வேண்டுமென்று நம் சங்கம் குரல் கொடுக்க வேண்டும்.

ஒரு ராத்தல் தானியத்துக்காக மண் சுமந்தவர்களுக்கு நாம் திருப்பிக் கொடுக்கக் கூடியது, தெளிந்த நீர் ஒன்றே. அதனைக் கொடுக்க எல்லாம் வல்ல இறைவன் நமக்கு நல்லறிவும் உறுதியும் அருளுவானாக என்று பிரார்த்திக்கின்றோம்.