பதில் எழுத ஒரு நோட்டு

இன்று பட்டம் பெறும் நுண்கலை மாணவச் செல்வங்களே,

கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட ஒரு மாணவரைப் பற்றி இந்த மேடையில் பேச விரும்புகிறேன். இந்தோனேசியாவின் எஃப்.எக்ஸ். ஹர்சோனோ. 1974 டிசம்பர் 31 அன்று ஜகார்த்தாவில் பெரிய ஓவியக் கண்காட்சியொன்றின் நிறைவு விழா. நாட்டு நடப்பைத் தொடாத ஓவியங்களுக்கே பரிசு என்று கொதித்த ஹர்சோனோ உள்ளிட்ட இளைஞர்கள், இந்தோனேசிய ஓவியத்தின் சாவுக்கு அனுதாபம் சொல்லி மலர்வளையம் அனுப்பினார்கள். அதற்காக யோக்யகர்த்தா கலைக் கல்லூரி ஹர்சோனோவையும் அவர் தோழர்கள் சிலரையும் நீக்கியது. பல ஆண்டுகள் கழித்தே அவர் ஜகார்த்தாவில் மீண்டும் படித்தார்.

1977இல் அவர் செய்த படைப்பைக் கேளுங்கள். அந்த ஊர்க்காரர்கள் சோற்றோடு நொறுக்கித் தின்னும் கிருப்புக், நம் அப்பளம் மாதிரி. அதைத் துப்பாக்கி வடிவில், இளஞ்சிவப்பு நிறத்தில் செய்து தரையில் குவித்தார். பக்கத்தில் மேசை, நாற்காலி, ஒரு நோட்டு, பேனா. ‘இவை நிஜத் துப்பாக்கிகளாக இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்பதுதான் கேள்வி. நாட்டை ஆண்டவர் ராணுவத் தளபதி சுகார்த்தோ. அந்தக் காலத்தில் இந்தக் கேள்விக்குத் தன் கையெழுத்தில் பதில் எழுத உட்காருவதற்கே நெஞ்சுரம் வேண்டும். அந்தப் படைப்பின் உயிர் துப்பாக்கிக் குவியலில் இல்லை, நோட்டில் இருக்கிறது என்பேன். தான் தீர்ப்புச் சொல்லாமல், பார்க்க வந்தவரைப் பேச வைத்தார் ஹர்சோனோ.

தன் சொந்தக் கதையையும் அவர் படைப்பாக்கினார். அவர் சீன வம்சாவளி. சீனர்கள் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று 1966இல் அரசு நெருக்கியது. 2011இல் எடுத்த ஒரு காணொளியில் அவர் கண்ணாடியில் தன் சீனப் பெயரைத் தூரிகையால் எழுதுகிறார், மழை கொட்டி மை கரைகிறது, அவர் நிறுத்தவில்லை.

ஹர்சோனோவின் நோட்டைப் போலவே பார்வையாளர் கைக்கு வேலை கொடுத்த இன்னொரு கலைஞர், தாய்லாந்தின் சுதீ குணாவிச்சயானொன். அவர் 2000இல் பள்ளிக்கூட மேசைகளின் பலகையில் நாட்டின் அரசியல் வரலாற்றைச் செதுக்கி, பாங்காக்கின் ராஜதம்னோன் சாலையில், ஜனநாயக நினைவுச்சின்னத்தருகே போட்டார். பாடநூல்கள் மழுப்பிய சம்பவங்களும் அவற்றில் உண்டு. வழியே போனவர்கள் தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுத்துக்கொள்ளலாம். எந்தத் தணிக்கையாளர் வீடு வீடாகப் போய் அந்தத் தாள்களைத் திரும்ப வாங்க முடியும்?

உங்கள் முதல் கண்காட்சிக்குத் திறந்துவைப்பவர் யார் என்று தேடுமுன், தெருவில் போகிறவர் உள்ளே வந்தால் அவர் கைக்கு என்ன வேலை கொடுப்போம் என்று யோசியுங்கள். எனக்கும் அழைப்பு அனுப்புங்கள், கட்டாயம் வருகிறேன்.