களிம்பா, கையுறையா?

(சுகமளிக்கும் ஊழிய ஞாயிறன்று அம்பத்தூர் பகுதிச் சபை ஒன்றில் நமது ஆஸ்பத்திரி போதகர் ஆற்றிய உரை)





சில வாரங்களுக்கு முன் ஒரு சகோதரி எங்களிடம் வந்தார்கள். மறைந்த தம் தாயாரின் நினைவாக, ஆபரேஷன் ஆன ஏழை நோயாளிகளுக்குப் பூச ஆன்டிபயாடிக் களிம்பு வாங்கித் தர விரும்பினார்கள். கண்ணீரோடு கொண்டுவரும் காணிக்கையை மறுப்பது எளிதல்ல. ஆனாலும் எங்கள் சர்ஜனைக் கலந்துகொண்டு, "இதற்குப் பதிலாகக் கையுறைகள் வாங்கித் தாருங்கள் அம்மா" என்றோம். ஏன் என்று உங்கள் எல்லாருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தகப்பனார் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினார். தாமே கட்டைப் பிரித்து, மருந்துக் கடையில் வாங்கிய பவுடரைத் தினமும் தூவினார். பத்தாம் நாள் காய்ச்சலோடு வந்தார். மேலே பவுடர் பொருக்காக நின்றது, உள்ளே சீழ். ஒரு மாதக் கூலி போயிற்று. "மருந்து போட்டேனே ஐயா, பிறகு எப்படி?" என்று எங்களைக் கேட்டார்.

கிருமி பெரும்பாலும் ஆபரேஷன் நேரத்திலேயே, காயம் திறந்திருக்கும்போது நுழைகிறது. அது நோயாளியின் சொந்தத் தோலிலிருந்தோ குடலிலிருந்தோகூட வரலாம். ஆகையால் காவலும் அப்போதே வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் தந்த வழிகாட்டுதல் இதுவே: நோயாளி முன்னதாகக் குளிக்கவேண்டும், பிளேடால் மழிக்கக்கூடாது, தேவையான ஆபரேஷன்களில் ஆன்டிபயாடிக்கைக் கத்தி வைப்பதற்கு முந்திய 120 நிமிடங்களுக்குள் கொடுக்கவேண்டும், முடிந்தபின் தடுப்புக்காக நீட்டிக்கக்கூடாது.

காயத்தின்மேல் பூசும் ஆன்டிபயாடிக் ஓரளவு உதவக்கூடும் என்று சில ஆய்வுகள் கூறுவது உண்மை. ஆனாலும் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2017-இல், தையல் போட்ட காயத்தில் தடுப்புக்காக இவற்றைப் பூசவேண்டாம் என்றது. சிலருக்கு ஒவ்வாமை வரும். வீணாகப் பூசப்பூசக் கிருமி மருந்துக்கு அடங்காமற்போகும். இந்த ஆபத்தைக் குறித்தே 2012-இல் நம் சென்னையில் மருத்துவர்கள் கூடி "சென்னைப் பிரகடனம்" வெளியிட்டார்கள்.

கையுறைக்கு வருவோம். இந்தியா உட்பட 7 நாடுகளில், 81 ஆஸ்பத்திரிகளில், 13,000-க்கு மேற்பட்ட வயிற்று ஆபரேஷன்களில் ஓர் ஆய்வு நடந்தது, 2022-இல் வெளியானது. காயத்தைத் தைக்கும் முன் கையுறைகளையும் கருவிகளையும் புதிதாக மாற்றினார்கள். அவ்வளவே! வழக்கமான முறையில் 100 பேரில் ஏறக்குறைய 19 பேருக்குக் கிருமி தொற்றியது. மாற்றிய இடத்தில் அது 16 ஆயிற்று. நூற்றில் மூன்று குடும்பங்கள் தப்பின என்று எண்ணிப்பாருங்கள்.

நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெய் வார்த்ததை நாம் மறப்பதில்லை. சத்திரக்காரனிடம் அவன் பணம் கொடுத்துச் சென்றதை மறந்துவிடுகிறோம். உங்கள் காணிக்கை அந்தச் சத்திரத்துப் பணம்.

களிம்பை நோயாளி பார்ப்பார். மயக்கத்தில் இருப்பவர் கையுறையைப் பார்ப்பதில்லை. இதைச் சொன்னபோது அந்தச் சகோதரி, "எங்கள் அம்மாவும் யாரும் பார்க்காமல்தான் செய்வார்கள்" என்றார்கள். கையுறைப் பெட்டிகள் இப்போது எங்கள் ஆபரேஷன் அறையில் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் ஆனால், டாக்டர் சொல்லாத பவுடரோ களிம்போ, மஞ்சளோ காப்பித்தூளோ போடாதிருங்கள். கை கழுவாமல் கட்டைத் தொடாதிருங்கள். காயம் சிவந்தாலும், வீங்கினாலும், நீர் கசிந்தாலும் அன்றைக்கே வாருங்கள். எங்கள் சர்ஜன்களுக்காகவும், கருவிகளை அவித்துச் சுத்திகரிக்கும் ஊழியர்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.