மொட்டை மாடியில் இறங்கும் ஜலம்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

'பெர்மாகல்ச்சர்' பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978-ல் வெளியிட்ட புத்தகத்தால் பரவிய சொல் அது. வனத்தில் ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு ஆகாரம். வீட்டையும் தோட்டத்தையும் அப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். நம்மில் பலருக்கு நிலபுலன் கிடையாது. ஆகவே பெங்களூர்வாசிகளுக்குப் பொருந்தும் ஜல விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நம் குழாய்க்கு வரும் காவேரி, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரெகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருகிறது. பௌதிகம் படித்தவன் கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? 1,000 லிட்டரை அவ்வளவு உயரம் தூக்க, நஷ்டமே இல்லை என்று வைத்தாலும் 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். பம்பு, குழாய் நஷ்டம் தனி. ஆனால் 60-க்கு 40 மனையில், வருஷத்துக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் என்ற கணக்கில், இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் மழை சும்மாவே வந்து இறங்குகிறது. அதைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு டேங்கருக்கு ஃபோன் செய்கிறோம். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி நகரமே பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு விஜயநகரில் ஏ.ஆர். சிவகுமார் கட்டிய 'சௌரபா' வீட்டைச் சொல்வேன். அவர் கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சிலில் பணியாற்றிய விஞ்ஞானி. 1995 முதல் குடிநீர் வாரிய இணைப்பே வாங்காமல் மழை ஜலத்தில் குடித்தனம் நடத்திக் காட்டினார். பழைய மழைப் பதிவுகளைப் பார்த்தார். இரண்டு நல்ல மழைக்கு நடுவே இடைவெளி அதிகம் போனால் நூறு நாள். வீட்டுச் செலவு தினம் 400 லிட்டர். பெருக்கினால் 40,000, அவர் வைத்த தொட்டிகளின் கொள்ளளவு 45,000. துணி துவைத்த ஜலம் கழிப்பறைக்குப் போனது.

2009-லேயே இங்கே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. ஆனால் சட்டத்துக்காகக் குழி தோண்டிச் சரளை கொட்டி மறந்துவிடுபவர்களே அதிகம் என்பது என் அபிப்பிராயம். முதல் மழையை வெளியே விட வேண்டும், வடிகட்டியைக் கழுவ வேண்டும். அதற்கு யாராவது மாடி ஏற வேண்டுமே!

அந்நாளில் கிணற்றடி ஜலம் வாழைக்குப் போயிற்று, உண்ட இலை மாட்டுக்குப் போயிற்று. எல்லாம் முன்னோர் விஞ்ஞானம் என்று நான் மார்தட்ட மாட்டேன். கயிற்றை இழுத்த பாட்டிக்கு ஒரு குடத்தின் எடை தோளில் தெரிந்தது. சுவிட்சு தட்டுகிற நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஜெயநகரில் 2011-ல் திறந்த விசுவேசுவரய்யா மழைநீர்ப் பூங்காவில் மாதிரிகள் வைத்திருக்கிறார்கள்; பேரக்குழந்தைகளுடன் ஒரு நடை போய் வாருங்கள். நம் சங்கக் கட்டிடத்து மாடி ஜலம் எங்கே போகிறதென்று செயற்குழு அன்பர்கள் பார்த்துச் சொன்னால், அடுத்த ஞாயிறு டேப்புடன் அளக்க நான் வருகிறேன். ஏணி பிடிக்க இளைஞர் இருவர் போதும்.