நோயாளியும் பத்தியச் சீட்டும்

(நெசவாளர் ஊர் ஒன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சங்கதி சோற்றைப் பற்றியது. மேடையேறிப் பேசுகிறவர்களுக்குக் களியையும் குழம்பையும் பற்றி என்ன கவலை என்று உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். சிரியுங்கள்; ஆனால் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். நாம் வைத்தியரல்ல. ஆகையால் நாம் சொல்லுவதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் டாக்டரிடமும் கேட்டு, உங்கள் புத்தியையும் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதை மாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் நடத்தி 2023-ம் வருஷத்தில் வெளிவந்த ஆராய்ச்சியின்படி, இத்தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு வியாதி இருக்கிறது. இந்தக் கூட்டத்திலேயே அநேகர் இருப்பீர்கள். இந்த வியாதிக்கு மாத்திரை பாதி, ஆகாரம் பாதி என்பதை எந்த டாக்டரும் மறுக்கமாட்டார். மாத்திரையைக் கடையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆகார விஷயத்தைச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே படித்துப் பட்டம் பெற்ற டயட்டீஷியன்கள் என்கிற உணவு ஆலோசகர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் போன நோயாளிக்கு அநேகமாகக் கிடைப்பது என்ன? இரண்டு நிமிஷப் பேச்சும், அச்சடித்த ஒரு சீட்டுந்தான்.

நமக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டு அம்மாளின் கதையைச் சொல்லுகிறோம். அந்த அம்மாளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்; அதற்குமேல் தெரியாது. அவர் கைக்கு வந்த சீட்டில் ஒரு நாளைக்கு 1500 கலோரி, கார்போஹைட்ரேட்டைக் குறை, ஃபைபரைக் கூட்டு, ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆலிவ் எண்ணெய் என்றெல்லாம் எழுதியிருந்தது. அம்மாள் அதை மரியாதையாக மடித்துக் கண்ணாடிக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டார். வாயால் சொன்னதில் அவர் காதில் ஏறியது இரண்டே வார்த்தைகள்: "சர்க்கரை கூடாது, அரிசி கூடாது." அந்த இரண்டையும் அவர் எழுத்துப் பிசகாமல் நடத்தினார். டீயில் சர்க்கரையை நிறுத்திக் கருப்பட்டி போட்டார். சோற்றை நிறுத்திவிட்டு வேளைக்கு இரண்டு பெரிய கேழ்வரகுக் களி உருண்டை சாப்பிட்டார்.

மூன்று மாதம் கழித்து ரத்தத்தைப் பரிசோதித்தால் சர்க்கரை ஏறியிருக்கிறது! டாக்டருக்குக் கோபம். "ஏம்மா, சொன்ன பேச்சைக் கேட்கவே மாட்டாயா?" என்றார். அம்மாளோ, "ஐயா, சர்க்கரையைக் கண்ணால் பார்த்தே மூன்று மாசமாச்சுங்க" என்று அழுதார். தோழர்களே! இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரையே என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் அளவு என்றால், கேழ்வரகிலும் அது 67 கிராம் அளவு இருக்கிறது. கேழ்வரகில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், நல்ல தானியம், வாஸ்தவம். அதற்காக உருண்டை உருண்டையாக விழுங்கினால் மாவு மாவுதானே? "எதைச் சாப்பிடுவது" என்று சொன்னார்களேயொழிய "எவ்வளவு" என்பதை அவருடைய அளவில் சொல்லவில்லை.

கதை அதோடு முடியவில்லை. திட்டு வாங்கிய பயத்தில் அம்மாள் இராச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார்; மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. சிலவகை நீரிழிவு மாத்திரைகளையும் இன்சுலினையும் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். ஒரு நாள் விடியற்காலையில் தறியடியில் வேர்த்துக் கொட்டி, கை கால் நடுங்கி, உளற ஆரம்பித்தார். வீட்டார் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? "மேலே ஏதோ வந்துவிட்டது" என்று குறி சொல்லுகிறவனுக்கு ஆள் அனுப்பினார்கள்! விபூதியும் வேப்பிலையும் தயாராகிவிட்டன. நல்லவேளையாக நர்ஸ் வேலைக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்த்து, அம்மாளுக்கு விழுங்கும் நினைவு இன்னும் இருக்கிறது என்று அறிந்து, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரத்தில் பேச்சுத் தெளிந்தது. பிறகு சாப்பாடு கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள்.

சர்க்கரையே விஷம் என்று சொல்லப்பட்டவருக்கு, ஒரு சமயத்தில் அந்தச் சர்க்கரைதான் உயிர் என்பது சொல்லப்படவில்லை. அச்சீட்டில் அது இல்லாமலில்லை. கடைசி வரியில் இங்கிலீஷில் இருந்தது. (நினைவு தப்பினவர்கள் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும். இதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

இதில் குற்றம் யாருடையது? "படிக்காத ஜனங்கள், சொன்னால் புரியாது" என்று சொல்லிவிடுவது மிகச் சுலபம். புரியாது என்று தெரிந்தே அந்தச் சீட்டைக் கொடுத்தவர்களின் படிப்புக்கு என்ன யோக்கியதை என்று கேட்கிறோம். பாவு ஓட்டி, இழை எண்ணி, கெஜக் கணக்குப் போட்டுப் பிழைக்கிற அந்த அம்மாளுக்கா கணக்குத் தெரியாது? தெரியாதது கலோரி என்கிற பாஷை ஒன்றுதான்.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் ஏற்பட்ட சங்கடமுமல்ல. 2005-ல் அமெரிக்காவில் சில வைத்தியர்கள் ஒரு சிறு பரீட்சை செய்து வெளியிட்டார்கள். ஐஸ்கிரீம் டப்பாவில் ஒட்டியிருக்கும் சத்து விவரச் சீட்டை நோயாளி கையில் கொடுத்து, "இதை முழுதும் சாப்பிட்டால் எத்தனை கலோரி?" என்பது முதலாக ஆறு கேள்விகள். மூன்று நிமிஷத்தில் அந்த நோயாளிக்கு எவ்வளவு புரியும் என்று தெரிந்துவிடும். அவரை மட்டந்தட்டுவதற்காக அல்ல. வைத்தியர் தம் பேச்சை அதற்கேற்ப மாற்றிக்கொள்வதற்காக. நம் ஊருக்கு ஐஸ்கிரீம் வேண்டாம். "நேற்று எழுந்ததிலிருந்து படுக்கிறவரை என்னென்ன சாப்பிட்டீர்கள்? சமைப்பது யார்? பரிமாறுவது யார்? அரிசி ரேஷனா, கடையா?" என்று கேட்டாலே போதும். 2011 முதல் ரேஷனில் விலையில்லாமல் அரிசி வாங்கிச் சாப்பிடுகிற குடும்பத்துக்கு ஆலிவ் எண்ணெயை எழுதிக் கொடுப்பது வைத்தியமா, பரிகாசமா?

அந்த அம்மாளுக்குப் பிறகு வாய்த்த ஆலோசகர் புத்திசாலி. சீட்டே கொடுக்கவில்லை. வீட்டிலிருந்து அவர் சாப்பிடும் தட்டையும் கரண்டியையும் கொண்டுவரச் சொன்னார். தட்டில் விரலால் கோடு கிழித்தார். பாதித் தட்டுக்குக் கீரை, அவரை, கத்தரி, கோவைக்காய் என்று எந்தக் காயானாலும் சரி. கால் தட்டுக்குச் சோறோ களியோ. மீதிக் கால் தட்டுக்கு முட்டை, மீன், சுண்டல், மொச்சை. நம் வீடுகளில் வழக்கம் என்ன? மலையளவு சோறு, அதன் ஓரத்தில் பொட்டு வைத்தாற்போல் பொரியல். "அதைத் திருப்பிப் போடுங்கள் அம்மா, அவ்வளவுதான்" என்றார். இதற்குமேல் அவர் செய்ததுதான் முக்கியம். "புரிந்ததா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் யாராயிருந்தாலும் தலையை ஆட்டிவிடுவார்கள். "வீட்டுக்குப் போய் மருமகளிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்? எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்" என்றார். சொன்னதில் பிசகு வந்தபோது, "நான் சரியாகச் சொல்லவில்லை" என்று தம்மேல் குற்றத்தைப் போட்டுக்கொண்டு மறுபடியும் சொன்னார்.

நிற்க. படித்தவர்களுக்கு இந்தக் கஷ்டமில்லை என்று எண்ண வேண்டாம். நமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற உபாத்தியாயர் ஒருவர் செல்போனில் வருகிற வைத்தியமெல்லாம் படித்து, பாகற்காய்ச் சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்திப் படுத்துவிட்டார். அவருக்குத் தட்டில் கோடு கிழித்துக் காட்டினால் கோபம் வரும். அவரிடம் ஆதாரத்தையும் எண்களையும் வைத்துத்தான் பேசவேண்டும். அவர் வேறு, அந்த அம்மாள் வேறு. இருவருக்கும் ஒரே சீட்டு என்பது எல்லார் காலுக்கும் ஒரே அளவுச் செருப்பைத் தைத்து வைத்ததற்குச் சமம்.

பிஸ்கட் பொட்டலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் போட்டிருக்கும் கணக்கு அநேகமாக 100 கிராமுக்கு. பொட்டலத்தின் எடை வேறாயிருக்கும். பெருக்கி வகுக்க யாருக்குப் பொழுதிருக்கிறது? விவரங்கள் எந்தப் பாஷையில் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது? இங்கிலீஷ் அல்லது இந்தி! தமிழில் போடுவது பொட்டலக்காரர் இஷ்டம். தின்கிறவர் பாஷையில் எழுதாத சீட்டு யாருக்காக என்று சர்க்காரைக் கேட்க நமக்கு உரிமையுண்டு.

இத்தனைக்கும் இந்த ஆகார சாஸ்திரம் நம் மலையில் வளர்ந்ததுதான். 1918-ல் மக்காரிசன் என்கிற வெள்ளைக்கார டாக்டர் குன்னூரில் பெரிபெரி வியாதியைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அங்கிருந்துதான் 1937-ல் அய்க்ராய்டு என்பவர் நம் தானியம், பருப்பு, காய்களின் சத்துக் கணக்கைப் புத்தகமாக வெளியிட்டார். அந்த ஆராய்ச்சி நிலையம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்குப் போக அதற்கு நாற்பது வருஷம் ஆயிற்று. மேட்டுப்பாளையத்து அடுப்படிக்கு வர எத்தனை வருஷமோ!

2021 ஆகஸ்டு முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" என்று வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். நல்ல காரியம். வருகிற பெண்கள் அநேகமாக அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். நம் பேச்சையே பேசுகிறவர்கள். அவர்கள் வரும்போது மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். உங்கள் தட்டைக் காட்டுங்கள். கேளுங்கள். புரியாவிட்டால் "புரியவில்லை" என்று சொல்லுங்கள். அதில் வெட்கப்பட வேண்டியவர் நீங்களல்ல.

அந்த அம்மாளின் தறிக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சிறு டப்பாவில் சர்க்கரை இருக்கிறது. எதற்கென்று கேட்டால் அவர் பேரன்கூட விவரமாகச் சொல்லுகிறான்.

நேரமாகிவிட்டபடியால் நாம் இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறோம். கேள்வி கேட்க விரும்புகிற தோழர்கள் எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர்கள் எழுந்து நின்று வாயாலேயே கேட்கலாம்.